கோக்கா, பெப்சியா? தோத்தாபுரி விவசாயியின் கணக்கு

(திருப்பதியில் தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புத்தூர்ப் பக்கம் பெட்டிக்கடை நடத்தும் தோழர் ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் ஏற்றுமதிச் சரக்குகள் மீது 50 சதவீத வரி விதித்ததிலிருந்து பலரும் கேட்டுவரும் கேள்விதான் அது. “கோக், பெப்சி இரண்டையும் அகற்றிவிட்டுக் காம்பா மட்டும் வைத்தால் சரிதானே, தோழர்?” அவருக்கு அங்கேயே பதில் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் இந்தப் போட்டியின் வரலாறு. அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்குகளைக் குறைக்கவும் தயாரிப்பு ரகசியத்தைப் பகிரவும் மறுத்து, 1977-இல் கோக் வெளியேறியது. அந்த இடைவெளியில்தான் தம்ஸ் அப் வந்தது, காம்பா கோலா வந்தது. காம்பாவைக் கொண்டுவந்த ப்யூர் டிரிங்ஸ் குழுமமே அதுவரை கோக்கை நிரப்பி விற்ற நிறுவனம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பஞ்சாப் விவசாயிகளுக்கு நல்வாழ்வு என்ற வாக்குறுதியோடு பெப்சி நுழைந்தது. 1993-இல் கோக் திரும்பி வந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட், மாஸா ஆகியவற்றைப் பார்லேயிடமிருந்து வாங்கிக்கொண்டது. கடையில் பல பெயர்கள், கல்லாவோ இரண்டே இரண்டு.

இவ்விரு நிறுவனங்களும் உண்மையிலேயே பகைவர்களா? 2003 ஆகஸ்டில், இரு நிறுவனங்களின் பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளியிட்டது. விளம்பரத்தில் ஒன்றையொன்று கேலி செய்துவந்த இரு நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளும் ஒரே மேசையில் அமர்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தனர். இலாபம் ஆட்டம் கண்டால் போட்டி ஓய்வெடுத்துக்கொள்ளும்.

தண்ணீர்க் கதையை நீங்கள் அறிவீர்கள். பிளாச்சிமடையில் பெருமாட்டி ஊராட்சியும் ஆதிவாசி மக்களும் நடத்திய போராட்டத்தால் 2004-இல் கோக் ஆலை நின்றது. கங்கைகொண்டானிலோ தாமிரபரணித் தண்ணீர் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்கு வழங்கப்பட்டது. 2017 மார்ச் 1 முதல் இரு பானங்களையும் விற்பதில்லை எனத் தமிழ்நாட்டு வணிகர் அமைப்புகள் அறிவித்தன. எழுச்சி உண்மையானது; ஆயினும் நீடிக்கவில்லை. கடைக்காரரின் மனசாட்சியை மட்டுமே நம்பிய போராட்டத்துக்கு அவ்வளவுதான் மூச்சு.

இப்போது நம் மாவட்டத்துக்கு வருவோம். ஸ்ரீசிட்டியில் 1,200 கோடி ரூபாய் முதலீட்டுத் திட்டம் என்ற அறிவிப்போடு பெப்சியின் பெரிய பான ஆலை 2015-இல் திறக்கப்பட்டது. சித்தூரிலோ மாஞ்செடிகளை நெருக்கி நடும் உன்னதி திட்டத்தை ஜெயின் நிறுவனத்தோடு சேர்ந்து கோக் தொடங்கியிருந்தது. கோக்கின் மாஸாவுக்கும் பெப்சியின் ஸ்லைஸுக்கும் மாம்பழக்கூழ் வேண்டும். கூழுக்கு உகந்த பழம் நம் தோத்தாபுரி.

அப்படியானால் வாங்குவோரின் போட்டியால் விவசாயிக்கு விலை ஏறியிருக்க வேண்டுமல்லவா? 2025 ஜூனில் நடந்தது என்ன? முந்தைய ஆண்டின் கூழ் தேங்கிக் கிடக்கிறது என்று ஆலைகள் கைவிரித்தன. டிராக்டர்கள் ஆலை வாசலில் நாள்கணக்கில் காத்து நின்றன. பழம் வண்டியிலேயே அழுகியது. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. அந்த 8 ரூபாயையும் ஆலைகள் முழுமையாகத் தரவில்லை என்பதே விவசாயிகளின் முறையீடு. கர்நாடகத் தோத்தாபுரி உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டு, சீனிவாசபுரம் விவசாயியையும் பங்காருபாளையம் விவசாயியையும் எதிரெதிரே நிறுத்தினார்கள். இரு நிறுவனங்களுக்கிடையே இல்லாத பகை, இரு மாநில விவசாயிகளுக்கிடையே மூட்டப்பட்டது!

அந்தக் கோடையில் மாஸாவின் விலையோ ஸ்லைஸின் விலையோ பாட்டிலில் குறைந்ததாக நான் பார்க்கவில்லை.

காம்பாவை 2022-இல் வாங்கியது ரிலையன்ஸ். பத்து ரூபாய்க்குப் பாட்டில் கிடைக்கிறது, உண்மைதான். முதலாளி இந்தியர் என்பதற்காக ஆலை வாசலில் டிராக்டர் ஒரு நாள் முன்னதாக நகர்ந்துவிடாது. கடைக்காரத் தோழர் எதை வைத்து விற்பது என்பதை அவரது பிழைப்பு தீர்மானிக்கட்டும். அதற்காக அவரைக் குறை சொல்லும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை வேறு. அறுவடைக்கு முன்பே, ஏப்ரலில், ஆலைகளும் விவசாயிகளும் அரசும் எழுத்தில் விலை ஒப்பந்தம் செய்ய வேண்டும். கூழை வாங்கும் பான நிறுவனங்களும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்; இதுவரை அவர்கள் பின்னாலேயே நின்றுகொள்கிறார்கள். கூட்டுறவில் கூழ் ஆலை வேண்டும். கர்நாடக விவசாயிகள் சங்கத்தோடு ஒரே மேடையில் நிற்க வேண்டும்.

நகரி, சத்தியவேடு தோழர்கள் இந்த வாரமே தொடங்கலாம். சென்ற பருவத்தில் பழம் கொடுத்தவர்களின் எடைச்சீட்டுகளையும், வங்கிக்கு வந்த தொகையையும் வீடுவீடாகக் குறித்து வாருங்கள். அறிவித்த விலைக்கும் கைக்கு வந்த விலைக்கும் உள்ள வேறுபாட்டை ஆட்சியர் முன் வைக்க அந்தத் தாள்கள் நமக்குத் தேவை.