வளரும் பருவத்துப் பிள்ளைகளின் பிணியும் மருத்துவமனையும்



நோயைப் பற்றிப் பேச ஆண்டு விழா மேடை ஏற்றதா எனச் சிலர் எண்ணக்கூடும். யான் மருத்துவன் அல்லன்; ரயில்வே குமாஸ்தா. எனினும், காக்ஸ் டவுனில் நம்மவர் இல்லங்களில் மறைத்து வைக்கப்படும் ஒன்றைத் தமிழில் மனம் விட்டுப் பேச இச்சங்கத்தை அன்றி வேறு இடம் ஏது?

பரீட்சை நெருங்கும் வேளையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி நினைவிழந்து வீழ்கிறாள், கைகால்கள் உதறுகின்றன. அண்டை வீட்டார் இரும்புச் சாவியைக் கையில் திணிக்கின்றனர். பாட்டியார் மந்திரிப்பவரைத் தேடுகிறார். "வெளியே தெரிந்தால் வரன் அமையாது" என்று தந்தையார் அனைவரையும் வாயடைத்து விடுகிறார்.

மூளையின் மின்னோட்டம் நிலைகுலைவதால் வருவது கால்கை வலிப்பு. மனத்தில் தேங்கிய அச்சமும் துயரமும் உடல்வழி வெளிப்படுவதும் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருத்தலும் கூடும். வலிப்பு மாத்திரை முன்னதற்கே உதவும். பின்னதற்கு மனநல மருத்துவர் பன்முறை அமர்ந்து பேசும் சிகிச்சையே முதன்மையானது. இது நடிப்பு அன்று. "நடிக்கிறாள்" என்று அடிபட்ட பிள்ளைகள் உண்டாதலின் இதனை அழுத்திக் கூறுகிறேன்.

ஆகவே, நரம்பு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே வளாகத்தில் இருந்து பார்த்தல் வேண்டும். அத்தகைய இடம் நம் நகரத்திலேயே, ஓசூர் சாலையில் உள்ளது. 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய அரசு மனநோய் மருத்துவமனையும் 1974-இல் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின. பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அங்கே தனித் துறை உண்டு. பழம் பெயரைச் சொல்லி அஞ்சுவோர் இன்றும் உளர். அப்பெயர் போய் வெகுகாலம் ஆயிற்று.

"பிள்ளையைப் பெரியவர்களோடு அடைத்து விடுவார்களோ?" என்று தாய்மார் கலங்குவது இயல்பே. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவரைப் பெரியவர்களிடமிருந்து தனியே தங்க வைத்தல் வேண்டும்; பெற்றோரோ பொறுப்பாளரோ உடன் இருத்தலும் வேண்டும். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கிய நாள் முதலே குடும்பத்தாரை உடன் தங்கவைத்து வந்தது. நாம் காட்பாடி வழியே எத்தனை முறை ஊர் சென்றிருப்போம், இதனை அறியாமலே!

நேரிற் செல்லத் தயங்குவோர் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022-இல் தொடங்கிய அரசுச் சேவை இது.

தாய் மருத்துவமனையில் தங்கினால் வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்குச் சோறு ஆக்குவார் யார், பள்ளிக்கு அழைத்துச் செல்வார் யார்? இவ்விரண்டையும் முறை வைத்துச் சங்க உறுப்பினர் ஏற்றுக் கொள்ளலாமா என்பதை இவ்வாண்டுச் செயற்குழுவின் முடிவுக்கு வைக்கிறேன்.