மறைவது பெரிதா? கேட்பது பெரிதா?



முத்துக்கும் உப்புக்கும் பேர்போன ஊரிலே நின்று பேசுகிறேன். ஆனால் இன்றைய தலைப்பு முத்தும் இல்லை, உப்பும் இல்லை, காது! காது மிஷின் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, வெளியே தெரியாத அளவா, உள்ளே கேட்கும் திறனா? எதிரணிச் சகோதரி அழகாகச் சொன்னாங்க: "இப்போ கடலைப்பருப்பு அளவுக்கு வந்தாச்சு. காதுக்குள்ளே போட்டுக்கிட்டா கட்டின புருஷனுக்கே தெரியாது" அப்படின்னாங்க. நடுவர் அவர்களே, புருஷனுக்குத் தெரியலைன்னா பரவாயில்லை. புருஷன் பேசுறது கேட்கலைன்னா? (சிரிப்பு) சில வீட்டிலே அதுதான் வசதி என்பார்கள். அது வேறு பட்டிமன்றம்! (பலத்த சிரிப்பு)

இந்தத் தலைப்புக்கு இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. கடலிலே 10 மீட்டர் இறங்கினால் காதின் மேல் விழுகிற அழுத்தம் இரண்டு மடங்கு. முத்துச்சிப்பி கிடக்கிற பார்கள் பலவும் அதற்கும் கீழே. கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினான் நம்ம ஆள். செவிப்பறை கிழிந்து ரத்தத்தோடு மேலே வந்தவர்கள் உண்டு. முத்துக்குளிப்பு இங்கே 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 'செவிடன் காதிலே ஊதின சங்கு' என்று கேலி பேசுகிறோமே, அந்தச் சங்கை எடுத்துக் கொடுக்கப் போய்த்தானே ஐயா சிலர் காதைத் தொலைத்தார்கள்! (கைத்தட்டல்) துறைமுகத்திலே எஞ்சின் இரைச்சலுக்கு நடுவிலே வருஷக்கணக்காக நின்றவர் காதும் அப்படித்தான். அது உழைப்பின் தழும்பு. தழும்பை ஏன் மறைக்கணும்?

சரி, காது மங்கினால் எது முதலில் போகிறது? தமிழ் வாத்தியார் சொல்கிறேன், கேளுங்கள். க, ச, ட, த, ப, ற வல்லினம் என்று பள்ளிக்கூடத்திலே படித்தோம். இலக்கணத்திலேதான் அது வல்லினம். காதுக்கு அதுதான் நலிந்த இனம்! உயிரெழுத்தும் மெல்லினமும் தாழ்ந்த சுருதியிலே, பலமாக வருகின்றன. ச, த போன்ற ஒலிகள் உயர்ந்த சுருதியிலே, மெலிந்து வருகின்றன. வயதானாலும், இரைச்சலிலே அடிபட்டாலும் முதலில் போவது அந்த உயர்ந்த சுருதிதான். அதனாலேதான் பெரியவர்கள், "சத்தம் கேட்குது, பேச்சு விளங்கலை" என்கிறார்கள்.

திரேஸ்புரத்திலே ஒரு தாத்தா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மருமகள் வந்து, "மாமா, மணி பத்து" என்கிறாள். பத்து அவருக்குக் கத்தாகக் கேட்கிறது. "நீதான் நாள் முழுக்கக் கத்துறியே தாயி, நான் வேற கத்தணுமா?" என்கிறார்! (பலத்த சிரிப்பு) நாம் சிரிக்கிறோம். வீட்டிலே நாலு நாள் சிரிப்பார்கள். ஐந்தாம் நாள், "அவருக்குச் சொன்னா விளங்காது, விடு" என்பார்கள். அந்த 'விடு' இருக்கிறதே, அதுதான் ஐயா கொடுமை! கூட்டத்துக்கு நடுவிலே தனிச்சிறை. மறதி நோய்க்கு வழி வகுக்கிற, ஆனால் நம்மால் கவனிக்க முடிகிற காரணங்களிலே கேட்கும் திறன் குறைவும் ஒன்று என்று 2020-லே லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையமும் சொல்லியிருக்கிறது.

மறைக்கிற ஆசை இன்று வந்ததா? இந்தக் கரைக்கு 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்தவர்கள் போர்ச்சுக்கீசியர். அந்த நாட்டு மன்னர் ஆறாம் ஜானுக்குக் காது மந்தம். 1819-லே அவருக்காக ஒரு சிம்மாசனம் செய்தார்கள். கைப்பிடியிலே சிங்கத்தின் வாய். வந்தவன் மண்டியிட்டு அந்த வாய்க்குள்ளே பேசணும். பேச்சு குழாய் வழியாக ராஜா காதுக்குப் போகும். மரியாதைக்கு மரியாதை, மறைவுக்கு மறைவு! நம்ம வீட்டிலே பேரன் மண்டி போடுவானா? (சிரிப்பு) 1983-லே அமெரிக்க அதிபர் ரீகன் காதுக்குள் வைக்கும் சின்னக் கருவியோடு வந்தார். அதன் பிறகு கருவி விற்பனை ஏறியது. எதனாலே? கருவி மறைந்ததாலா? இல்லை ஐயா, அவர் போட்டிருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்ததாலே! (கைத்தட்டல்)

சின்னக் கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கும் குறைவு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்து, விரலும் கண்ணும் நன்றாக இருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் அளவு சுருங்கச் சுருங்க என்ன போகிறது? பேட்டரி குட்டியாகும், ஒரு வாரம் தாங்குவதே பெரிசு. நடுங்குகிற விரலாலே அதை மாற்றணும். மைக்கும் ஒலிபெருக்கியும் நெருங்கினால், சத்தத்தைக் கூட்டும்போது 'கீ' என்று விசிலடிக்கும். அதனாலே அதிகக் குறைவுக்கு அது ஈடு கொடுக்காது. எதிரே இருப்பவர் பேச்சைப் பிரித்துக் கொடுக்க இரண்டு மைக் வேணும். அதற்கு அங்கே இடம் இருக்காது. காதுக் குறும்பி அடைக்கும். இந்த ஊர் வியர்வையும் சேரும். செவிப்பறை கிழிந்து சீழ் வடிகிற காதிலே அடைப்பு மாதிரி செருகினால் நோய் கூடும்.

அப்போ என்ன செய்யணும்? கண்ணாடியைப் பார்த்துக் கருவி வாங்காதீர்கள். பரிசோதனைச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள். முதலில் காது மூக்கு தொண்டை டாக்டர். பிறகு எந்தச் சுருதி எவ்வளவு போயிருக்கிறது என்கிற பரிசோதனை, இரண்டு காதுக்கும். காதுக்குப் பின்னாலே அவரைக்கொட்டை அளவு கருவியும், முடி மாதிரி மெல்லிய வயரும் உள்ள வகையும் இருக்கிறது. பலருக்கு அது நல்ல நடுவழி. போட்டுப் பார்க்க நாலு நாள் கேளுங்கள். அமைதியான அறையிலே மட்டும் சோதிக்காதீர்கள். மீன் ஏலம் நடக்கிற இடத்திலே போட்டுப் பாருங்கள்! (சிரிப்பு) காசு இல்லையே என்று ஒதுங்காதீர்கள். தகுதி உள்ளவர்களுக்கு அரசே கருவி தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலே விசாரியுங்கள். வாங்கியதும் முதல் வாரத்திலேயே பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். மூளை பழக நாள் ஆகும்.

நடுவர் அவர்களே, உள்காதிலே சங்கு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலே உள்ள நுண்ணிய செல்கள் ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. மிச்சம் இருப்பதைப் பயன்படுத்தத்தான் கருவி. வள்ளுவர் 42-ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்றே பெயர் வைத்தார்; கேட்பதற்கு ஒரு தனி அதிகாரம்! கருவியை மறைக்கலாம், கேளாமையை மறைக்க முடியாது. மூன்று தடவை "என்ன? என்ன?" என்று கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். மூக்கிலே கண்ணாடி போட வெட்கப்படாத நாம், காதிலே கருவி போட ஏன் வெட்கப்படணும்? பேத்தி "தாத்தா" என்று கூப்பிட்டதும் திரும்புகிற முகத்திலே கருவி தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன?

ஆகவே, மறைவதல்ல, கேட்பதே பெரிது என்ற நல்ல தீர்ப்பைத் தர வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைத்தட்டல்)