பால்மரத்தடியில் முதற்பாடம்

(தோட்டப் பாலர் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பாலர் பள்ளிக்குச் செல்லும் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குச் சுற்றுப்புறத்தைப் பேணும் அறிவை எவ்வாறு ஊட்டுவது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதைக் கேட்டவுடன், "எழுத்தும் எண்ணும் அறியாத குழந்தைக்கு இத்துணைப் பெரிய பாடம் எதற்கு? விடியுமுன் எழுந்து வெளிக்காட்டுக்குப் போகும் நமக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நேரம் ஏது?" என்று சிலர் எண்ணக்கூடும். இவை நியாயமான கேள்விகளே. ஆயினும் இப்பாடத்திற்குப் புத்தகம் வேண்டுவதில்லை. பணச் செலவும் இல்லை. இதன் அடிப்படையை நம் தொழிலே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

பால்மரத்தைச் சீவும் முறையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கத்தி பட்டையை மட்டுமே சீவ வேண்டும். அதற்கு உள்ளே, கட்டையை ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைத் தொடலாகாது. தொட்டுவிட்டால் மரத்தில் காயம் விழும். புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்திற்குத் திரும்பி வரும்போது, கத்தி வைக்க நல்ல பட்டை இராது. மரத்திற்கு ஓய்வு தர வேண்டும் என்பதற்காகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவும் முறையும் ஏற்பட்டது. இன்று எடுக்கும் பால் நாளைய பாலைக் கெடுக்கக்கூடாது என்பது ஒவ்வொரு நல்ல பால்வெட்டுத் தொழிலாளியும் அறிந்த பாடம்.

நார்வே நாட்டுப் பிரதமராக விளங்கிய புருண்ட்லாண்டு அம்மையாரின் தலைமையில் அமைந்த உலக ஆணையக் குழு, 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த அறிக்கையின் சாரமும் இதுவே. இன்றைய மக்கள் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும்போது, நாளை வருவோரின் தேவைகளுக்கு ஊறு விளைத்தலாகாது என்று அவ்வறிக்கை வலியுறுத்தியது. உலக அறிஞர்கள் கூடி ஆராய்ந்து கூறிய இக்கருத்து, நம் கையில் உள்ள கத்தியின் பக்குவத்திலேயே அடங்கியிருக்கிறது. அதை நம் பிள்ளைகளின் கைகளுக்கும் மாற்றித் தர வேண்டும்.

எந்த வயதில் தொடங்குவது? 1977ஆம் ஆண்டில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் யுனெஸ்கோ நிறுவனம் நடத்திய மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி பள்ளிக்கு முந்திய பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும் என்று கூறிற்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே, ஜெர்மானியக் கல்வியாளர் பிரோபல், 1837ஆம் ஆண்டில் தாம் தொடங்கிய சிறுவர் பள்ளிக்குப் பின்னர் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். பிள்ளைகள் தம் கையாலேயே செடி வைத்துப் பேண வேண்டும் என்று அவர் விரும்பினார். நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஓர் அங்கமாக்கியது. பட்டணத்துப் பாலர் பள்ளி பூந்தொட்டி வாங்கி வைத்துக் கற்பிக்க வேண்டியதை, நம் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே காண முடியும்.

நான்கைந்து வயதுக் குழந்தை சொற்பொழிவு கேட்டுக் கற்பதில்லை. தொட்டும் தோண்டியும், பெரியோர் செய்வதைப் பார்த்தும், அதையே பலமுறை திரும்பச் செய்தும் கற்கிறது. உலகம் அழியப் போகிறது என்று சொல்லி அதை அச்சுறுத்துவதால் பயனில்லை. அச்சம் உறக்கத்தைத்தான் கெடுக்கும். குழந்தையால் செய்து முடிக்கக்கூடிய சிறு வேலை ஒன்றைக் கொடுத்தால், அதன் பலனைத் தானே கண்டு மகிழும். அத்தகைய வேலைகள் சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, தண்ணீர். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பால் டின், சீவாத மரங்களில் மழைநீர் நிறைந்து நிற்கும் மங்கு ஆகிய யாவும் அதற்கு வீடுகளே. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டால் அந்தச் சுற்று அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து நிமிடம் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. கொட்டிக் கவிழ்ப்பது உங்கள் வேலை. நீரில் நெளியும் புழுக்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்துக் காட்டி, அவைதாம் கொசுவாகின்றன என்று சொல்லி, பிறகு காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள். ஒருமுறை கண்ணால் கண்ட பிள்ளை, அடுத்த வாரம் உங்களுக்கு முன்னே ஓடும்.

இரண்டாவது, மண். வீட்டின் பின்புறத்தில் ஒரு சிறு குழி தோண்டி, வாழைப்பழத் தோல், உதிர்ந்த ரப்பர் இலை, ஒரு பிளாஸ்டிக் பை ஆகிய மூன்றையும் பிள்ளையின் கையாலேயே புதைக்கச் செய்யுங்கள். இரண்டு மூன்று மாதங்கள் சென்றபின் தோண்டிப் பாருங்கள். பழத்தோல் மறைந்திருக்கும், இலை மக்கிக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக் பை போட்டபடியே கிடக்கும். எதை மண் ஏற்றுக்கொள்கிறது, எதை ஏற்க மறுக்கிறது என்பதை அந்தக் குழியே காட்டிவிடும். இலைகளைக் கூட்டிக் கொளுத்துவதைக் காட்டிலும் மக்கவிடுவது நன்று என்பதையும் அப்போதே சொல்லலாம். 1997ஆம் ஆண்டிலும் 2015ஆம் ஆண்டிலும் நம் நாட்டை மூடிய புகைமூட்டத்தை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைக்கு அடுத்த வீட்டுக் குப்பைப் புகையே போதிய துன்பம் தரும்.

இளங்கன்றுகளுக்கிடையே நிலத்தை மூடிப் படரும் கொடிகளையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பயறு இனத்தைச் சேர்ந்த அக்கொடி ஒன்றை வேரோடு எடுத்தால், வேரில் சிறுசிறு முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகின்றன. கொடிகள் மழையில் மண் அரித்துப் போகாமலும் காக்கின்றன. உரமூட்டை இல்லாமலே உரம் உண்டாகும் இந்த விந்தையை ஆறு வயதுப் பிள்ளை வாய் பிளந்து பார்க்கும்.

மூன்றாவது, விளைச்சல். ஒரு பாத்தியில் கங்கோங் கீரையோ பயறோ விதைத்து, நீர் ஊற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் விடுங்கள். கீரை மூன்று நான்கு வாரங்களிலேயே பறிக்கும் பருவத்திற்கு வந்துவிடும். அரிசி கழுவிய நீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் பழக்கமும் அதனோடு சேர்ந்து வரும். தான் வளர்த்த கீரையைத் தட்டில் மிச்சம் வைக்கப் பிள்ளைக்கு மனம் வராது.

நான்காவதாகச் சொல்வதைத் தாய்மார்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சுற்றுப்புறத்தை அறிவதில், எதைத் தொடக்கூடாது என்பதை அறிவதும் அடங்கும். களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த டின்களையும் பீப்பாய்களையும் கழுவித் தண்ணீர் பிடிக்கப் பயன்படுத்துவது பேராபத்து. உயிர் பறிக்கும் பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை உண்டு. ஆயினும் பழைய புட்டி எந்தக் கொட்டகை மூலையில் கிடக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? காலிப் புட்டிகளை நிர்வாகத்திடமே திருப்பி ஒப்படையுங்கள். படபடவென்று வெடித்துச் சிதறும் ரப்பர்க் கொட்டைகளைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவது வழக்கம். விளையாடட்டும், ஆனால் பச்சைக் கொட்டையில் நஞ்சு இருப்பதால் வாயில் வைக்கலாகாது என்று தவறாமல் சொல்லி வையுங்கள்.

இனி, பலர் மனத்தில் இருந்தும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றைப் பேசுவோம். "தோட்டம் நம்முடையதன்று, வீடும் நம்முடையதன்று. நாளைக்கே நிலத்தை விற்றுவிட்டால் நாம் வெளியேற வேண்டியவர்கள். பிறர் நிலத்தைப் பேண நம் பிள்ளைக்கு ஏன் கற்பிக்க வேண்டும்?" இக்கேள்வியில் கசப்பு உண்டு, அக்கசப்புக்குக் காரணமும் உண்டு. எத்தனையோ ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிப்போய்விட்டன. தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் மூட்டை கட்ட நேர்ந்தது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நிலம் நம்முடையதன்று என்பதற்காகக் கொசு நம் பிள்ளையைக் கடிக்காமல் விடுவதில்லை. ஓடையில் கழிவு கலந்தால் முதலில் அதில் காலை நனைப்பவன் நம் மகன்தான். மேலும், இடம் மாறும்போது வீட்டை எடுத்துச் செல்ல முடியாது. பழக்கத்தை எடுத்துச் செல்லலாம். நாளை அடுக்குமாடி வீட்டில் குடியேறினாலும், குப்பையைப் பிரித்து வைக்கவும் தேங்கிய நீரைக் கொட்டவும் அறிந்த பிள்ளை அங்கும் அவ்வாறே செய்யும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் முன்னோர் சொன்னது வீணன்று.

பிள்ளைக்குக் கற்பித்துவிட்டால் பெரியவர்களின் கடமை தீர்ந்தது என்று எவரும் கருதலாகாது. கால்வாயைத் தூர் வாருவதும், குப்பையை முறையாக அகற்றுவதும், நல்ல குடிநீர் தருவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. ரப்பர் ஆலைக் கழிவுநீரைக் கட்டுப்படுத்த, 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1978ஆம் ஆண்டிலேயே விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ஓடை நாற்றமெடுத்தால் தொழிற்சங்கத்தின் வழியாகவும் சுற்றுச்சூழல் இலாகாவிடமும் முறையிட நமக்கு உரிமை உண்டு. அவ்வாறு முறையிடும் தந்தையைப் பார்த்து வளரும் பிள்ளை, நல்ல நீர் கேட்டுப் பெற வேண்டிய பொருள் என்பதையும் கற்றுக்கொள்ளும்.

அதுபோலவே, காலையில் பாலர் பள்ளி ஆசிரியை குப்பையைத் தொட்டியில் போடச் சொல்ல, மாலையில் வீட்டுப் பெரியவர் ரொட்டிப் பையைக் கால்வாயில் எறிந்தால், பிள்ளை எதைப் பின்பற்றும்? வீட்டில் கண்டதைத்தான் பின்பற்றும். ஆசிரியைகளும் ஆயாமார்களும் ஊட்டும் பழக்கம் நிலைப்பதும் கலைவதும் நம் கையிலேயே இருக்கிறது.

ஆகவே, அன்பர்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம். பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வருவோம். ஒரு குழி தோண்டுவோம். ஒரு பாத்தி கீரை விதைப்போம். அடுத்த கூட்டத்தில் நாம் கூடும்போது, குழியில் என்ன கண்டார்கள் என்பதை நம் பிள்ளைகளே எழுந்து நின்று சொல்லட்டும்.