வாய்க்கால் தண்ணீரும் நம் வாழ்வும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் கோலா கெடாவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல்தான். ஒரு காலத்தில் மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகமே விளைந்தது. மூடா, பெடு அணைகள் எழுந்து, 1970 முதல் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. கெடாவிலும் பெர்லிசிலுமாகச் சுமார் 96,000 ஹெக்டர் நிலம் இரு போகம் காணத் தொடங்கியது. நாட்டுக்கே சோறு போடும் இத்திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், கூடவே வந்த கேட்டையும் நாம் பார்க்க வேண்டாமா?

சின்ன வயசில் கம்பத்து வயலில் தூண்டில் போட்டால் விராலும் கெளுத்தியும் கிடைக்கும். அன்றைக்கு வீட்டில் குழம்புக்குக் கவலை இல்லை. இன்றோ அந்த மீன் அரிதாகிவிட்டது. ஏன்? இரு போகத்துக்காக வயலை ஆண்டுக்கு இருமுறை வடிய விடுகிறார்கள். மீன் குஞ்சு பொரித்து வளர நாள் போதவில்லை. 1980-களில் நாற்று நட ஆள் கிடைக்காமல் நேரே விதை தூவினார்கள். களை பெருகியது. அதைக் கொல்ல மருந்தும் பெருகியது.

மருந்து என்கிறோம். அது நஞ்சு அல்லவா? இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோளில் தோம்பைச் சுமந்து தீம்பாரில் பாராகுவாட் அடித்த நம் தாய்மார்களின் கைகளைக் கேளுங்கள், சொல்லும். அந்தக் களைக்கொல்லி 2020-இல்தான் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஒன்று போனாலும் வேறு மருந்துகள் கடையில் இருக்கத்தான் செய்கின்றன.

தண்ணீர் நின்ற இடத்தில் நிற்காது. ஒரு வயலில் வடிந்ததைப் பம்பு வைத்து இன்னொரு வயலுக்கு ஏற்றுகிறார்கள். மிச்சம் ஆற்றில் இறங்கி, நம் மீனவர் வலை வீசும் கடலுக்கே வந்து சேருகிறது. மேலே கழுவிய நஞ்சு கீழே வராமல் எங்கே போகும்?

ஆகவே பெற்றோர்களே, தோம்பைக் கானில் கழுவாதீர்கள். காலிப் போத்தலில் வீட்டுக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள். கையுறை, முகமூடி தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கேட்பது குற்றமில்லை.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கும் நீங்கள் அறிவியலை நன்றாகப் படியுங்கள். போத்தலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் கற்ற கல்வியின் முதல் பயன் அதுவாக இருக்கட்டும்.