இடுப்பில் இருக்கட்டும் உயிர் காக்கும் பை
(ரெம்பியா வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



பொழுது புலருமுன்னரே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்குப் புறப்படுகிறவர்கள் நீங்கள். உங்கள் கையிலிருப்பது மரப்பட்டையை மெல்லிதாகச் சீவும் கூரிய கத்தி. செம்பனைக் காட்டில் வேலை செய்வோர் கையில் நீண்ட கழியில் பூட்டிய அரிவாள். இவற்றோடு புல் வெட்டும் இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்துள்ளன. இவற்றுள் எது தவறினாலும் குருதி பெருகும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி ஓடுகிறது. தொடையிலோ கையிலோ உள்ள பெரிய நாடி அறுபட்டால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியக்கூடும். 999 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். அலோர் காஜாவில் மருத்துவமனையும் உண்டு. ஆயினும், வண்டி தார்ச்சாலையை விட்டுச் செம்மண் பாதையில் இறங்கி, உங்கள் நிரையைத் தேடி வரும்வரை குருதி காத்திராது. அலுவலகத்தில் பூட்டி வைத்துள்ள முதலுதவிப் பெட்டியும் அந்நேரத்தில் கைக்கு எட்டாது. ஆகவே, ஒவ்வொருவரும் கையளவுப் பை ஒன்றை உடன் வைத்திருத்தல் வேண்டும்.

அப்பையில் இருக்க வேண்டியவை சிலவே. ரப்பர் கையுறை ஓர் இணை. தூய்மையான காஸ் துணிச் சுருள் இரண்டு. இழுத்துச் சுற்றும் கட்டுத்துணி ஒன்று. முக்கோணத் துணி ஒன்று. டூர்னிக்கே எனப்படும் இறுக்குப்பட்டை ஒன்று. முனை மழுங்கிய கத்தரிக்கோல். அழியாத மையுள்ள பேனா. மழையும் பாலும் படாதவாறு இவற்றைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, முதலில் வேண்டிய கையுறையை மேலே வையுங்கள்.

அக்கையுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1890ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், கிருமி கொல்லும் மருந்து பட்டுச் செவிலி ஒருவரின் கைகள் புண்பட்டன. அதனைக் கண்ட டாக்டர் ஹால்ஸ்டெட், அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்வித்தார். நீங்கள் வடிக்கும் பால் அன்றுதொட்டு மருத்துவர் கைகளைக் காத்து வருகிறது. அது உங்கள் கைகளையும் காக்கட்டும்.

இனிச் செய்முறையைக் கேளுங்கள். கையுறை அணிந்து, காயத்தின்மேல் காஸ் துணியை வைத்து, இரு கைகளாலும் பலமாக அழுத்துங்கள். பத்து நிமிடம்வரை இடையே எடுத்துப் பார்க்காதீர்கள். கை, கால், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் காயம் ஆழமாயின், துணியை உள்ளே திணித்து அழுத்துங்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் துணியைத் திணித்தல் கூடாது.

கையிலோ காலிலோ குருதி பீறிட்டு, அழுத்தியும் நில்லாவிடின், காயத்திற்கு மேலே மூன்று விரற்கடை தள்ளி, மூட்டைத் தவிர்த்து, இறுக்குப்பட்டையைக் கட்டிக் குருதி நிற்கும்வரை முறுக்குங்கள். வலி மிகும், எனினும் தளர்த்தாதீர்கள். கட்டிய நேரத்தைப் பேனாவால் எழுதி வையுங்கள். பட்டை இல்லையெனில், முக்கோணத் துணியை அகலமாக மடித்துக் கட்டி, உறுதியான குச்சியால் முறுக்கலாம். மெல்லிய கயிறும் கம்பியும் ஆகா.

இப்படிக் கட்டினால் உறுப்பையே இழக்க நேரும் என்று அஞ்சுவோர் உண்டு. இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவரை அடைந்தால் பெரும்பாலும் தீங்கில்லை என்பதே இன்றைய மருத்துவர் கருத்து. 2015இல் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கமொன்று பொதுமக்களுக்கே இம்முறையைக் கற்பித்து வருகிறது. ஆனால், பாம்புக் கடிக்கு இறுக்குப்பட்டை கட்டவே கூடாது. காயத்தில் காப்பித்தூள், மஞ்சள், புகையிலை அப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவை கிருமிக்கு இடந்தரும்.

பை மட்டும் இருந்தால் போதாது. பழகிய கையும் வேண்டும். மலேசியச் செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பும் முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. வேலையிடத்தின் பாதுகாப்பு முதலாளியின் கடமையென 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் கூறுகிறது. உங்கள் பை அக்கடமைக்கு ஈடாகாது. எனவே, நிரைக்குச் செல்வோர் அனைவருக்கும் பையும் பயிற்சியும் கிடைக்கத் தொழிற்சங்கத்தின் வழியே நிர்வாகத்தைக் கேளுங்கள்.

சம்பள நாள்தோறும் பையைத் திறந்து, குறைந்ததை நிரப்புங்கள். அடுத்த நிரையில் வெட்டும் தோழருக்கு நீங்களே முதல் மருத்துவர் என்பதை மறவாதீர்கள்.