அம்மாவின் டைரியும் என் பட்டமும்



2010-ல் இங்கே இயந்திரவியல் முடித்தேன். 2017-ல் வேலை போயிற்று. அப்பாவின் இன்ஷூரன்ஸ் ஏஜென்சியில் உட்கார்ந்தேன். வீட்டு முன்னறைதான் ஆபீஸ். அப்பா ஆட்களைப் பார்ப்பார். அம்மா பிரீமியத் தேதிகளை டைரியில் எழுதுவார். "மாசாமாசம் கட்டுறவங்களுக்குக் கெடு 15 நாள், மத்தவங்களுக்கு 30" என்பது அம்மா நடத்திய முதல் பாடம்.

என் முதல் விண்ணப்பம் ஒரு லேத் பட்டறைக்காரருடையது. அவருக்குச் சர்க்கரை வியாதி. எழுதினால் மருத்துவப் பரிசோதனை, கூடுதல் பிரீமியம். 'இல்லை' என்று நிரப்பிவிட்டேன்.

அப்பா திட்டவில்லை, பாரத்தைக் கிழித்தார். "அவர் டீயில சர்க்கரை போடமாட்டாருன்னு ஊருக்கே தெரியும். பாலிசி எடுத்து மூணு வருஷம் வரைக்கும் தப்பா எழுதினதைக் காட்டி கிளெய்மை நிறுத்தலாம்டா. 45-ஆம் பிரிவைப் படி. நீ எழுதின பொய்க்கு அவர் சம்சாரம் அலையணுமா?"

உண்மையை எழுதினோம். பிரீமியம் கூடிற்று, முனகிக்கொண்டே கட்டினார். இரண்டாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார். விசாரணைக்கு ஆள் வந்தார். எல்லாம் பாரத்திலேயே இருந்தது. பணம் முழுசாக வந்தது.

அந்தம்மா வீட்டுக்கு வந்து, "நீங்க எழுதின பாரம்தானே தம்பி?" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. கிழித்த பாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது.

இப்போது ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனையில் இருக்கிறேன். அளவு தவறினால் தவறியதென்றே எழுதுகிறேன். அவசரப்படுத்துகிறவர்கள் உண்டு. அப்போதெல்லாம் அந்தம்மா கும்பிட்டது நினைவுக்கு வரும்.

தம்பி தங்கைகளே, நாளை நீங்களும் பாரம் நிரப்புவீர்கள். பார்த்து எழுதுங்கள்.