ஒரே வேளையா, ஏழு நாளா?

வெள்ளைப்படுதல் என்றாலே உடல் சூடு என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்துவிடுவது பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் வழக்கம். பருத்திக் காட்டிலும் முந்திரித் தோப்பிலும் வேலை பார்க்கும் பெண்கள் அரிப்பையும் எரிச்சலையும் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைப்படுதல் எல்லாம் நோயில்லை. ஆனால் அது மஞ்சளோ பச்சையோ கலந்து, நுரைத்து, நாற்றமெடுத்தால், டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். உடலுறவில் பரவும் இந்தத் தொற்று 2020-இல் மட்டும் உலகில் 15.6 கோடிப் பேருக்குப் புதிதாக வந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இது இருந்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடும். கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ ஆபத்தும் உண்டு.

இதைத் தீர்க்கும் மருந்து புதிதில்லை. மெட்ரோநிடசோல் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது, விலையும் குறைவு. அதை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2 கிராமை ஒரே வேளையில் விழுங்குவது நெடுநாள் வழக்கம். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 623 பெண்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அந்த ஒரு வேளையையும், மீதிப் பேருக்கு 500 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, ஏழு நாளும் கொடுத்தது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒரு வேளைக்காரர்களில் 19 சதவீதத்தினருக்குத் தொற்று இருந்தது. ஏழு நாள்காரர்களில் 11 சதவீதம்தான். 2021-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் பெண்களுக்கு ஏழு நாள் முறையையே முதலாவதாகப் பரிந்துரைத்தது. ஆண்களுக்கு ஒரு வேளையே தொடர்கிறது.

காலையில் ஏழு மணிக்கே காட்டுக்குப் போகிறவர் ஏழு நாளும் மறக்காமல் சாப்பிடுவாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆய்வில் ஏறக்குறைய எல்லோருமே முடித்தார்கள். நம் ஊரில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூன்றாம் நாளே அரிப்பு அடங்கிவிடும், வாயில் உலோகச் சுவை தட்டும், அப்போதுதான் மாத்திரை அட்டை பாதியில் நிற்கும். சாப்பாட்டுக்குப் பின் போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். நம் அரசுத் திட்டமே வெள்ளைப்படுதலுக்குப் பச்சை நிறப் பொட்டலத்தில் ஒரு வேளை மருந்துதானே தருகிறது என்பது அடுத்த ஆட்சேபம். அதில் உள்ளது 2 கிராம் செக்னிடசோல். ரத்தத்தில் மெட்ரோநிடசோலைவிட இரு மடங்கு நேரம் தங்கும் மருந்து. ஆகவே மெட்ரோநிடசோலின் ஒரு வேளைக் குறையை அப்படியே இதன்மேல் சுமத்தக் கூடாது. தொடர்ந்து வர இயலாதவருக்கு, எதிரிலேயே விழுங்கவைக்கும் அந்தப் பொட்டலம் நல்ல தேர்வு. உறுப்பில் தடவும் ஜெல்லை நம்பக் கூடாது. சிறுநீர்க் குழாயில் ஒளிந்திருக்கும் கிருமியை அது எட்டாது.

மருந்து சரியாக இருந்தும் நோய் திரும்பினால் பெரும்பாலும் கணவருக்குச் சிகிச்சை நடந்திருக்காது. ஆண்களில் பலருக்கு ஓர் அறிகுறியும் தெரியாது. எனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வது அவரளவில் உண்மைதான். கிருமி மட்டும் அவரிடம் இருந்துகொண்டே இருக்கும். அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்ச் சிகிச்சை இலவசம். இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்து, முடியும்வரை உறவைத் தவிர்த்து, மூன்று மாதத்துக்குள் மனைவிக்கு மறுபரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பமாக இருப்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட்டால், மருத்துவர் டினிடசோல் என்ற மாற்று மருந்தைத் தவிர்த்து மெட்ரோநிடசோலைத் தருவார்.